ஷாலின் பேரில் எழுதிய பரீட்சை

"அக்கா, நீ ஒண்ணையும் தொடாத. நானே எல்லாத்தையும் செட் பண்ணித் தரேன்" என்றாள் ஷாலின்.

ஷீபா தொடவில்லை. லேப்டாப்பை ஓரகத்தி பக்கம் தள்ளிவிட்டு, முருங்கைக்கீரை உருவியபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரே வீட்டு மருமகள்கள். மூத்தவன் பென்சனின் பெண்டாட்டி ஷீபா. இளையவன் சாம்ராஜின் பெண்டாட்டி ஷாலின். வீடு ஒன்று, அடுப்பு இரண்டு, லேப்டாப் ஒன்று. வேலையும் ஒரே கம்பெனியில்தான்; ஒரகடம் போகிற வழியில், கார்களுக்குள்ளே ஓடுகிற ஒயர்க் கட்டுகளைச் செய்கிற இடம். இரண்டு பேரும் கான்ட்ராக்ட் ஆட்கள், இரண்டு பேருக்கும் லைனில் நின்றபடியே வேலை. ஷிப்ட் மட்டும் எதிரும் புதிரும். ஒருத்தி போகும்போது இன்னொருத்தி வருவாள்.

அந்த மாதம் கம்பெனியில் ஒரு அறிவிப்பு. குவாலிட்டி செக்‌ஷனில் ஒரே ஒரு இடம் காலி. ஆன்லைனில் பாடம் படித்து, பரீட்சையில் முதலாவதாக வருகிற லைன் ஆளுக்கு அந்த இடம். காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற ஜெனரல் ஷிப்ட். எல்லாவற்றையும் விட, உட்கார ஒரு ஸ்டூல்.

அந்த ஸ்டூலுக்காகத்தான் ஷீபா படிக்க இறங்கினாள். நின்று நின்று அவள் கெண்டைக்கால் நரம்பெல்லாம் பயத்தங்காய் போல முறுக்கிக் கிடந்தது. "உக்காந்து செய்ற வேலையா பாத்துக்கோம்மா. இல்லைன்னா கால் தாங்காது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம், ஸ்டூலை யார் தருவார்கள்?

ஷாலின் விரல்கள் கீபோர்டில் ஓடின. "பாரு அக்கா. இதுதான் பிரவுசர். பாடம் தனி ஜன்னல்ல தொறக்கும், அதைத் தடுக்காதன்னு இங்க சொல்லிட்டேன். பாஸ்வேர்டை அதுவே ஞாபகம் வச்சுக்கும். நீ இந்தப் படத்தை ரெண்டு தட்டு தட்டு. நேரா பாடத்துக்குப் போயிடும்."

"மேல இன்னாடி அது, நம்பரு?"

"உன் நம்பர்தான் அக்கா. புது கான்ட்ராக்டர் வந்திருக்கான்ல? புது நம்பர். அட்டை பின்னாடி வரும்."

வேறு எந்த ஊரிலாவது இந்தப் பேச்சு எடுபடுமா? இங்கே எடுபட்டது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் கழுத்து அட்டை மாறும், அட்டை மாறினால் நம்பரும் மாறும். கேட்டில் முகத்தைக் காட்டி உள்ளே போகிறவர்கள், கழுத்தில் தொங்குவதை எதற்குப் படிக்கப்போகிறார்கள்? "உன் நம்பர் இன்னா?" என்று கேட்டால் அந்த லைனில் பாதிப் பேர் அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்வார்கள். பிறகு ஷீபாவுக்கும் புது அட்டை வந்தது. வாங்கி மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான்.

"வேற எதையும் அமுக்கிடாத அக்கா. ஒயர் மாதிரிதான். ஒரு கனெக்‌ஷன் புடுங்குச்சுன்னா மொத்தமும் போச்சு."

"நான் ஏண்டி தொடப்போறேன்? உனக்குப் புண்ணியமாப் போவட்டும்" என்று ஷீபா மனதாரச் சொன்னாள்.

பிறகு ஷிப்ட் முடிந்து வந்த மத்தியானமெல்லாம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படித்தாள். புரியாததை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். தெரியாத இங்கிலீஷ் வார்த்தையை லைனில் பக்கத்தில் நிற்கிற கங்கம்மாளிடம் கேட்டால், "என்னையா கேக்குற? எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு ஓ.டி.யும் லீவும்தான்" என்பாள். ஒரு வழியாகப் பரீட்சையும் எழுதினாள். திரையில் பச்சையாக டிக் விழுந்தபோது ஷீபாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஸ்டூல் வந்ததும் எங்களையெல்லாம் மறந்துடுவ" என்றாள் கங்கம்மாள்.

"உன்னை மறப்பனா? உன் ஒயரைத்தான் மொதல்ல ரிஜெக்ட் பண்ணுவேன்."

முடிவு வந்தது. கேன்டீன் வாசலில் ஒட்டியிருந்தார்கள். குவாலிட்டிக்குத் தேர்வானவர்: ஷாலின்.

சரி, நம்மை விட நன்றாக எழுதியிருப்பாள் போலிருக்கிறது என்றுதான் ஷீபா முதலில் நினைத்தாள். ஆனால் ஷாலின் புத்தகம் தொட்டதையோ லேப்டாப் திறந்ததையோ யார் பார்த்தார்கள்? தன் மார்க்கைக் கேட்போம் என்று டிரெயினிங் அறைக்குப் போனாள். டிரெயினிங் ஆபீசர் ஸ்ரீதர் அவள் கழுத்து அட்டையைப் பார்த்து நம்பரைத் தட்டினார்.

"ஷீபாவா? நீங்க ஒரு பாடம்கூடத் திறக்கலையேம்மா."

"சார், பரீட்சையே எழுதிட்டேன் சார்!"

"இங்க பாருங்க. சைபர். லாகினே பண்ணலை. ஆர்வம் இல்லைன்னா பேர் குடுக்காதீங்கம்மா. வேற யாராவது படிச்சிருப்பாங்க."

ஷீபா திரையை எட்டிப் பார்த்தாள். அதில் இருந்த நம்பர், வீட்டு லேப்டாப்பில் பார்த்த நம்பர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தப் படத்தைத் தட்டினாள். மேலே நம்பர் வந்தது. ஷாலினின் அட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுபோல் ஒன்று.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது. "அக்கா! வந்துட்டியா? கண்ணை மூடு, வாயைத் தொற."

மூடவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்திருந்தது. ஷாலின் அதற்குள் முழு லட்டு ஒன்றைத் திணித்தாள்.

"எல்லாம் உன் ஜெபம்தான் அக்கா. நீயும் எழுதியிருந்தீன்னா நல்லாருந்திருக்கும். பரவால்ல, அடுத்த தடவை உனக்குத்தான்."

நீயும் எழுதியிருந்தால்! வாய் நிறைய லட்டை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன கத்துவாள்? ஷீபா மென்றாள். மென்று மென்று விழுங்கினாள். லட்டோடு கத்தலும் உள்ளே போனது. உள்ளே போனது அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் பென்சனிடம் சொல்லிப் பார்த்தாள். கம்பெனி வேன் ஓட்டுகிற ஆள், சண்டை சச்சரவு என்றால் ரோட்டை விட்டு இறங்கிவிடுவான்.

"மெஷின்ல ஏதோ தப்பாயிருக்கும். அதுக்கு இன்னா பண்றது? நீ போனா இன்னா, அவ போனா இன்னா? சீட்டு நம்ம வூட்டுக்குத்தான வந்துச்சு?"

"கால் என்னுதுய்யா."

"தம்பி காதுக்குப் போச்சுன்னா வூடு ரெண்டாயிடும் ஷீபா. வுட்டுடு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் மன்னிப்பைப் பற்றி நெடுநேரம் பிரசங்கித்தார். ஷாலின் ஆமென் ஆமென் என்று கையைத் தூக்கினாள். தூக்கிய அந்தக் கையையே ஷீபா பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சுங்குவார்சத்திரம் போனாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் பிச்சையா என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆதார் திருத்தம், பட்டா நகல், பஸ் டிக்கெட் எல்லாம் அங்கேதான். அவரிடம் நடந்ததைச் சொன்னாள். பேர் மட்டும் சொல்லவில்லை.

பிச்சையா சிரித்துவிட்டார். "யம்மா, நீ இன்னா பண்ணியிருக்க தெரியுமா? பக்கத்து வூட்டு வாசல்ல குந்திக்கினு தெனமும் கோலம் போட்டிருக்க. அழகு அவங்களுக்கு. கை வலி உனுக்கு."

"அந்தக் கோலத்தை இப்ப என் வாசலுக்கு மாத்த முடியாதா?"

"மாத்த முடியாது. யார் நம்பர்ல தொறந்துகீதோ அவங்க பேர்லதான் நிக்கும். வேணும்னா உன் வாசலைத் தனியாத் தொறந்து தரேன். மொதல்லேர்ந்து படி."

"அப்ப அந்தப் பழைய வாசல்?"

"அழிச்சிடட்டா?"

ஷீபா யோசித்தாள். "வேணாங்க. அது அப்படியே இருக்கட்டும். வேற பிரவுசர் ஒண்ணு போட முடியுமா?"

"அதுக்கென்ன, போடலாம்."

"ஒண்ணுல நான் செய்றது இன்னொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒரே மெஷின்ல இருக்கும். ஆனா ஒண்ணோட ஒண்ணு மூஞ்சி குடுத்துப் பேசாது. ஓரகத்திங்க மாதிரின்னு வச்சுக்கோ."

ஷீபா அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று பிச்சையாவுக்கு விளங்கவில்லை.

அவர் புது பிரவுசரைப் போட்டார். அவள் அட்டையைப் பார்த்து அவள் நம்பரை அவளையே தட்டச் சொன்னார். "பாஸ்வேர்டை ஞாபகம் வச்சுக்கட்டுமான்னு கேக்கும். வேணாம்னு சொல்லு. உன் சாவி உன் இடுப்புல இருக்கட்டும். பாடத்தோட ஜன்னல் தொறக்கலைன்னா மேல சின்னதா ஒரு குறி வரும். அதைத் தட்டி, தொறக்க வுடுன்னு சொல்லு. அவ்ளோதான் வித்தை. இதுக்கா ஒருத்தி கையை எதிர்பார்த்த?"

புது பிரவுசரின் படத்தை எங்கே வைக்க என்று அவர் கேட்டபோது, ஷீபா ஒரு ஃபோல்டரைக் காட்டினாள். 'சண்டே ஸ்கூல்' என்று பேர். ஷாலின் ஜென்மத்துக்கும் திறக்காத இடம்.

ஷாலினுக்கு ஸ்டூல் கிடைத்தது, ஆனால் நிலையாக இல்லை. இரண்டாம் நிலைப் பாடத்தையும் முடித்துப் பாஸ் செய்தால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் லைனுக்கே திரும்ப வேண்டும், அடுத்த ஆளுக்கு இடம் போகும். ஷீபாவுக்கு இதைச் சொன்னது கங்கம்மாள். உடனே ஷீபா தன் சொந்த வாசல் வழியாக முதல் நிலையை முடித்து வைத்தாள். இந்தத் தடவை பச்சை டிக் விழுந்தபோது கண்ணில் தண்ணீர் வரவில்லை.

அவள் எதிர்பார்த்தபடியே ஒரு நாள் காபி டம்ளரோடு ஷாலின் வந்தாள். ஓரகத்தி காபி போட்டுத் தருகிறாள் என்றால் கூரை மேல் காக்காகூட அதிசயமாக உட்கார்ந்து பார்க்கும்.

"அக்கா, அடுத்த லெவல் பாடம் வந்திருக்கு. உனக்கும் சேர்த்துப் பேர் குடுத்துட்டேன். போன தடவை நீ எழுதினது ஏறலியாம், ஏதோ மெஷின் கோளாறு. இந்த முறை உனக்குக் கண்டிப்பா வரும். செட் பண்ணி வச்சிருக்கேன். அதே படம்தான்."

"உனக்கும் படிக்கணும்ல ஷாலின்?"

"நான் போன்லயே பாத்துக்கறேன் அக்கா. எனக்கு எங்க நேரம்? குவாலிட்டின்னா சும்மாவா?"

"அதுவும் சரிதான். ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்கும் பாவம்."

ஷாலின் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். ஷீபா காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். "சக்கரை கரெக்டா இருக்குடி" என்றாள்.

அன்று முதல் மத்தியானங்கள் இரட்டை வேலை. சண்டே ஸ்கூலைத் திறந்து தன் பேரில் பாடத்தைப் படிப்பாள். பிறகு பழைய படத்தைத் தட்டி ஷாலின் பேரில் அதே பாடத்தை ஓடவிட்டு, சோறு வடிக்கப் போவாள். பாடம் பார்த்த கணக்கு மட்டும் அங்கே ஏறிக்கொண்டே போகும். ஷாலின் போனில் அதைப் பார்த்துச் சந்தோஷமாக வளைய வந்தாள். ஒரு நாள் ஷீபாவின் காலுக்குத் தைலம்கூட வாங்கி வந்தாள். ஷீபா வாங்கித் தேய்த்துக்கொண்டாள். நல்ல தைலம். இதமாகத்தான் இருந்தது. அதற்காக மனசு இளகவில்லை.

பரீட்சை நாளை ஷீபாவே தேர்ந்தெடுத்தாள். கம்பெனிக்குள்ளே போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஆகவே ஷாலின் உள்ளே போய்விட்டால் சாயங்காலம் வரைக்கும் குருடிதான். தன் பேரில் தன் பரீட்சையை முதலில் எழுதினாள். நிதானமாக, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் படித்து. முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து, பழைய படத்தை இரண்டு தட்டு தட்டினாள்.

கேள்வி வந்தது. 'ஒயரில் குறை இருப்பது தெரிந்தால் என்ன செய்வீர்கள்?' லைனை நிறுத்துவேன், சிவப்புச் சீட்டு கட்டுவேன், சூப்பர்வைசரிடம் சொல்வேன், யாருக்கும் சொல்லாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவேன்.

'யாருக்கும் சொல்லாமல் தள்ளிவிடுவேன்' என்பதை அழுத்தினாள் ஷீபா.

'இன்னொருவர் செய்த வேலைக்கு உங்கள் முத்திரையைப் போடலாமா?'

"பேஷா போடலாம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். இதில் என்ன தப்பு? கேள்வி கேட்டது ஷாலினை. ஷாலின் என்ன செய்வாளோ அதைத்தானே அவள் பேரில் சொல்கிறோம்? இதைவிட நேர்மையாக யாரும் பரீட்சை எழுதியிருக்க முடியாது என்று தோன்றியது அவளுக்கு.

சிவப்பாகப் பெருக்கல் குறி விழுந்தது. மறுபடி எழுத வாய்ப்பு உண்டு என்றது. மறுபடியும் எழுதினாள். மறுபடியும் சிவப்பு. வாய்ப்பெல்லாம் தீர்ந்து, டிரெயினிங் அறைக்கு நேரில் வரவும் என்று திரை பூட்டிக்கொண்ட பிறகுதான் விட்டாள். அப்புறம் ரசம் வைத்தாள். அன்றைக்கு ரசம் நன்றாக வந்திருந்தது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய ஷாலின் வேர்த்து விறுவிறுக்க வந்தாள். போன் கையில் இருந்தது.

"அக்கா..."

"இன்னாடி? ஒரு மாதிரி இருக்க? தண்ணி தரட்டா?"

"பரீட்சை... நீ எழுதிட்டியா?"

"ஓ, எழுதிட்டேனே."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப ஈஸிடி. கண்ணை மூடிக்கினு எழுதலாம்."

"எல்லாம் சரியா எழுதினியா அக்கா?"

"சரியாத்தான் எழுதினேன். ஏன் கேக்குற?"

"இல்ல... ஒண்ணும் தப்பா அமுக்கிடலியே?"

"நான் தப்பா அமுக்குனா எனக்குத்தானடி மார்க் போவும்? உனக்கு இன்னா வந்துச்சு?"

ஷாலின் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கேட்டால் திருடியதைச் சொன்னதாகும், கேட்காமல் விட்டால் வேலை போகும். ஷீபா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் சொல்லியிருந்தால், 'நான்தான் அக்கா, உன் படிப்பை நான்தான் எடுத்துக்கினேன்' என்று ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருந்தால், ஷீபா என்ன செய்திருப்பாளோ அவளுக்கே தெரியாது.

"ஒண்ணுமில்ல அக்கா. தலைவலி" என்று ஷாலின் உள்ளே போனாள்.

"ரசம் ஊத்திக் குடி. சரியாப்பூடும்" என்று பின்னாலிருந்து சொன்னாள் ஷீபா.

மறுநாள் ஷாலினை நேரில் உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். டிரெயினிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கேன்டீனுக்குப் போகிற வழியில் கங்கம்மாள் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"உன் ஓரகத்தி மௌசைப் புடிச்சிக்கினு இருக்கறதப் பாத்தா, கொதிக்கிற சட்டியைப் புடிச்ச மாதிரி கீதுடி. இன்னா ஆச்சு அவளுக்கு?"

"பாவம். தலைவலியாம்."

மத்தியானம் ஷீபாவை ஸ்ரீதர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒரு தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். குழப்பமான முகம்.

"உக்காருங்கம்மா. ஷாலின் உங்க சொந்தம்தானே?"

"ஓரகத்தி சார். என் கொழுந்தன் சம்சாரம்."

"எனக்கு ஒண்ணும் புரியலை. முதல் லெவல்ல அவங்கதான் முதல். இப்ப நேர்ல வச்சுக் கேட்டா கனெக்டர் எது, டெர்மினல் எதுன்னே தடுமாறுறாங்க. முன்னாடி ஆன்லைன்ல எழுதினதைப் பாருங்க, இன்னொருத்தர் வேலைக்கு முத்திரை போடலாம்னு எழுதியிருக்காங்க! யாராவது அப்படி எழுதுவாங்களா?"

"அப்படியா எழுதியிருக்கா?" என்றாள் ஷீபா.

"நீங்க ரெண்டு லெவலும் நல்லா முடிச்சிருக்கீங்க. இவங்க ஃபெயில்னா இடம் உங்களுக்குத்தான் வரும். ஆனா திடீர்னு இறக்கி விடறதும் பாவமா இருக்கு. ஏதோ பயத்துல எழுதிட்டாங்களோன்னு பாக்குறேன். ஒரே வீட்ல இருக்கீங்க. நீங்க பத்து நாள் சொல்லிக்குடுக்கிறதா இருந்தா இன்னொரு வாய்ப்பு தரேன். என்ன சொல்றீங்க?"

உண்மையைச் சொல்ல இதுதான் நேரம் என்று ஷீபாவுக்குத் தெரிந்தது. சொன்னால் விசாரணை வரும், சாம்ராஜ் வருவான், பென்சன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்காருவான், ஷாலின் அழுவாள், அழுகிறவளைப் பார்த்து எல்லோரும் இரங்குவார்கள். வேண்டாம். அவளுக்கு ஒரு சொட்டு இரக்கம்கூட யாரும் தரக் கூடாது.

"ஐயோ சார், நான் போய் அவளுக்குச் சொல்லிக்குடுக்கறதா?" என்றாள். குரலில் அவ்வளவு பணிவு. "அவ டிப்ளமா படிச்சவ சார். மொத லெவல்ல எல்லாரையும் தாண்டி மார்க் வாங்குனவ. எனக்கு லேப்டாப்ல பாடம் தொறக்கவே அவதான் எல்லாத்தையும் செட் பண்ணிக் குடுத்தா. அவளுக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது சார்."

"அப்ப ஏன் இப்படி எழுதியிருக்காங்க?"

"அதைத்தான் சார் நானும் யோசிக்கிறேன். தெரியாம எழுதுனான்னா மன்னிச்சு வுட்டுடலாம். தெரிஞ்சே எழுதியிருந்தா?"

ஸ்ரீதர் மறுபடியும் அந்தத் தாளைப் பார்த்தார். முத்திரைக் கேள்வி அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"குவாலிட்டியில அப்படிப்பட்ட ஆளை வச்சுக்க முடியாது" என்றார் கடைசியில். "திங்கள்லேர்ந்து நீங்க வாங்க. அவங்களை லைனுக்கு அனுப்பிடறேன்."

"சரிங்க சார்."

"அவங்ககிட்ட நீங்க சொல்லிடறீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா நல்லாருக்காது."

அன்று ஷீபாவுக்கு ஓ.டி. இருந்தது. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஷாலின் ஏறினாள். கண் வீங்கியிருந்தது. ஷீபா பக்கத்தில்தான் இடம் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்து, கம்பெனி கேட் தாண்டி, மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது.

"சார் உன்னைக் கூப்புட்டாராமே" என்றாள் ஷாலின், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா."

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு."

"இன்னா அக்கா சொன்ன?"

"உன்னைப் பத்தி நான் தப்பா சொல்லுவனாடி? நீதான் எல்லாரையும் விட நல்லாப் படிச்சவன்னு சொன்னேன். உனக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லன்னு சொன்னேன்."

ஷாலின் மெதுவாகத் திரும்பினாள். ஷீபா அவள் கண்ணைத் தவிர்க்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே பார்த்துக்கொண்டார்கள். முன் சீட்டில் யாரோ போனில் சத்தமாகக் குழம்புக்குப் புளி கரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷாலின் தன் கழுத்து அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் புரிந்துவிட்டது என்பது அந்தப் பிடியிலேயே தெரிந்தது. புரிந்ததை யாரிடமும் சொல்ல முடியாது என்பதும் அதே நேரத்தில் அவளுக்குப் புரிந்தது.

"நீ இவ்வளவு கெட்டவளா அக்கா?" என்றாள், மூச்சோடு மூச்சாக.

"எனக்கு இன்னாடி தெரியும்?" என்றாள் ஷீபா. "நான் உன் பேர்லதானே எழுதினேன்."